முகமூடியும் மாவு மூட்டையும்

ஊர் உறங்குகிறது. ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். முகத்தை மறைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறான், தீயோரைக் கண்ட இடத்திலேயே தண்டிக்கிறான், விடியுமுன் மறைந்துவிடுகிறான். இன்றைய இளைஞர் உள்ளத்தை ஆட்கொண்டிருக்கும் திரைக்கதை இதுவே எனலாம். 1939ஆம் ஆண்டு அமெரிக்கப் படக்கதை இதழொன்றில் பிறந்த 'பேட்மேன்' என்னும் வௌவால் மனிதன், கிறிஸ்டோபர் நோலன் 2005 முதல் 2012 வரை வழங்கிய மூன்று படங்களில் இருள் சூழ்ந்த நாயகனாக மறுபிறவி எடுத்தான். வானில் பறக்கும் வீரனைக் கண்டு வியந்த காலம் போய், காயமுற்று, ஐயுற்று, தன் நெஞ்சோடு போராடும் வீரனைக் கண்டு உருகும் காலம் வந்தது.

இவ்வகை இருட்படங்களை 'நுவார்' என்பர். 'கறுப்பு' எனப் பொருள்படும் இச்சொல்லை, அந்நாளைய அமெரிக்கக் குற்றப் படங்களுக்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 1946இல் பெயராகச் சூட்டினர். நிழல் விழுந்த முகங்கள், நல்லவர் தீயவர் என எளிதில் பிரிக்க இயலாத மாந்தர், முற்றும் வெளிச்சமாகாத முடிவு ஆகியன இவற்றின் இயல்புகள்.

தமிழுக்கு இருளும் புதிதன்று. மறைந்து வாழும் வீரனும் புதியவனல்லன். 1954ஆம் ஆண்டில் இவ்விரண்டும் தனித்தனியே திரைக்கு வந்தன. சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, ஒரு பாடலும் இன்றி, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இருளைக் காட்டியது. அதன் நாயகனே நாட்டைக் காட்டிக் கொடுப்பவன்! நாமக்கல் கவிஞரின் கதையில் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்', மறைந்து வாழ்ந்து எளியோர்க்கு உதவும் வீரனைக் காட்டியது. இவ்விரு மரபுகளையும் ஒன்றாக இணைக்க முயன்ற படம் மிஷ்கின் இயக்கத்தில் 2012இல் வெளிவந்த 'முகமூடி' ஆகும். குங்ஃபூ பயிலும் வேலையற்ற இளைஞன் ஒருவன், முகமூடியணிந்த கொள்ளைக் கூட்டத்தைத் தானும் முகமூடியணிந்து எதிர்க்கிறான். முயற்சி பாராட்டத்தக்கது, எனினும் மக்கள் அதனைப் பெரிதும் வரவேற்கவில்லை. ஏன்?

என் கருத்தில் இருட்படங்கள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தீமை முழுவதையும் ஒரு முகத்தில் திரட்டி வைத்தல். அம்முகம் வீழ்ந்தால் ஊர் விடிந்துவிடும் என்பது அவற்றின் கணக்கு. மற்றொன்று, நாயகன் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமை. முகமூடி அணிந்தவனை எவர் கேள்வி கேட்க இயலும்?

முதற்குறை எத்துணைப் பெரிதென்பதை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழ்வோர் நன்கறிவர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் வேர்களில் பிசுபிசுப்பு ஏறியது. மீனவர் பிழைப்பு நின்றது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர். இதனினும் கரிய இரவை எந்தத் திரைப்படம் காட்டியது? இங்கே வௌவால் மனிதன் வந்திருந்தால் யாரை அடித்திருப்பான்? குழாயையா? கோப்பையா? இத்தீமைக்கு ஒரு முகமில்லை. பராமரிக்கப்படாத இயந்திரம், பார்வையிடாத அதிகாரம், எளியோர் வாழுமிடந்தானே என்னும் அலட்சியம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய இருள் அது.

இவ்வுண்மையை நெருங்கிய தமிழ்ப் படங்களும் உண்டு. வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018), கத்தியையும் குருதியையும் மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. கடற்கரை மக்களின் குடியிருப்பைப் பறிக்க வரும் சாலைத் திட்டத்தையும் காட்டியது. மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023) வீரக்கதையையே தலைகீழாக்கியது. அதன் நாயகன் அச்சமே உருவான படக்கதை ஓவியன். குடிசைகளை இழந்தோர்க்குத் தரப்பட்ட அடுக்கு மாடிக் கட்டடத்தின் சுவர் உதிர்கிறது. அங்கே இருள் என்பது கலப்படச் சிமெண்டு. வீரம் என்பது ஒரு கோழை தன் அச்சத்தைத் தாண்டுவது. இப்படம் மக்கள் மனத்தில் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

'பொழுதுபோக்குக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா?' என்று சிலர் வினவலாம். வேண்டும். காசிமேடு என்றாலே அரிவாள், இராயபுரம் என்றாலே ரௌடி என்று திரை திரும்பத் திரும்பக் காட்டும்போது, அப்பகுதியிலிருந்து வந்து வகுப்பறையில் அமரும் நம் மாணவன் தன் முகவரியைச் சொல்லத் தயங்குகிறான். இருளை அழகாகக் காட்டும் கலை, அவ்விருள் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டக் கடமைப்பட்டது.

இரண்டாம் குறைக்கு நம் மரபே மருந்து தருகிறது. இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் வந்த மன்னர்களை நாமறிவோம். சிலப்பதிகாரம் சுட்டும் பொற்கைப் பாண்டியன், காவல் மேற்கொண்ட இரவில் கீரந்தை என்பான் வீட்டுக் கதவைத் தட்டினான். பழி அவ்வில்லத்தார் மேல் விழாதிருக்க, அத்தெருவின் கதவுகள் அனைத்தையும் தட்டினான். மறுநாள் குற்றவாளிக்குரிய தண்டனை கையை வெட்டுதல் என்று அவையோர் கூற, தன் கையையே வெட்டிக்கொண்டான். நம் தலைமுறையினர் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள். இரும்புக்கையினும் பொற்கை உயர்ந்தது. ஏனெனில் அக்கையின் கதை தண்டிக்கும் ஆற்றலைப் பற்றியதன்று, தண்டனைக்குத் தன்னையே உட்படுத்திய நேர்மையைப் பற்றியது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் இரவு உலாவும் அத்தகையதே. மதீனாவின் புறத்தே ஒரு தாய், பசியால் அழும் குழந்தைகளை உறங்கச் செய்ய வெறும் நீரை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்திருந்தாள். அதைக் கண்ட கலீஃபா, பொதுக் களஞ்சியத்திற்கு விரைந்து மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். பணியாளர் சுமக்க முன்வந்தபோது, மறுமையில் தம் பாரத்தை அவர் சுமக்கவியலாது என்று மறுத்துவிட்டார்கள். இருளில் நடந்த அந்தத் தலைவர் எவரையும் வேட்டையாடவில்லை. தம் ஆட்சியின் குறையைத் தேடினார்கள். கண்டதும் அதற்குத் தாமே பொறுப்பேற்றார்கள். திரை நாயகனின் அடையாளம் முகமூடி என்றால், உமர் (ரலி) அவர்களின் அடையாளம் அந்த மூட்டை.

நம் கடற்கரையிலும் மூட்டை சுமந்தோர் உண்டு. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகளால் அதை அள்ளினர். 2023இலும் மீனவர்கள் முகத்துவாரத்தில் தம் படகுகளிலேயே சென்று அள்ளினர். அவர்களுக்கு வல்லாற்றல் ஏதுமில்லை. போதிய கையுறைகூட இல்லை. அவர்களை வீரர் என்று போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்கள் ஏன் வெறுங்கையால் அள்ள நேர்ந்தது என்று உரியோரைக் கேட்பதும், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் கற்றவர் கடமை.

மாணவ நண்பர்களே! இருட்படங்களைப் பாருங்கள், அவற்றின் ஒளிப்பதிவையும் நடிப்பையும் சுவையுங்கள். ஆனால் அரங்கை விட்டு வெளியே வரும்போது இரு வினாக்களைக் கையோடு கொண்டு வாருங்கள்: இந்த இருளை உண்டாக்கியவர் யார்? இந்த வீரன் யாருக்குப் பதில் சொல்வான்? உங்களுள் சிலர் நாளை பொறியாளராக அக்குழாய்களை ஆய்வீர்கள். சிலர் அலுவலராக அக்கோப்புகளில் கையொப்பமிடுவீர்கள். சிலர் இயக்குநராக இப்பகுதியைத் திரையில் வரைவீர்கள். அன்று முகமூடி தேடாதீர்கள். மூட்டையைத் தோளில் ஏற்றுங்கள். இறைவன் அதற்குரிய வலிமையைத் தருவானாக!