சீசர் தலையில் கட்டிய கல்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. பட்டறையில வேலை அப்படி. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன், ஒரு கடுப்பு இழுத்துட்டு வந்திருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், டீ குடிச்சிட்டு வந்து படிங்க.

எனக்கு ஊர் மயிலாடி. உளிச் சத்தத்துலதான் இங்க விடியும். சாமி சிலை, கோயில் தூண், கல்லறைக் கல், திறப்பு விழாக் கல்வெட்டு, எல்லாம் இங்கிருந்து போகுது. சித்தப்பா பட்டறையில நான் எழுத்து வரைஞ்சு கொடுக்கிற ஆளு. எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலிக் கணக்கு. அதனால யாரு என்ன பொன்மொழி கொண்டு வந்தாலும் முதல்ல எண்ணுறதும் நான்தான், முதல்ல படிக்கிறதும் நான்தான்.

போன மாசம் ஒருத்தர் வந்தார். பேரு வேண்டாம், கட்சியும் வேண்டாம். ஒரு மன்றத்துக்குக் கல்வெட்டு. செல்போனைத் திறந்து காட்டுறார். மேல "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு". அதுக்குக் கீழ லத்தீன்ல "வாக்ஸ் பாப்புலி வாக்ஸ் டெய்". அதுக்கும் கீழ "ஜூலியஸ் சீசர்".

"அண்ணாச்சி, இது சீசர் சொன்னதில்ல"ன்னேன்.

"தம்பி, நெட்ல இருக்குல்லா."

"நெட்ல எல்லாந்தான் இருக்கு. சீசர் எழுதின புஸ்தகத்துல இல்லையே."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். "எழுதித் தந்தத வெட்டணும்டே, அதான் தொழிலு. நீ என்ன கோர்ட்டா?" முடிஞ்சது. கல்லு ஏறிடுச்சு, சீசரும் ஏறிட்டார்.

இப்போ என் புகாருக்கு வர்றேன். இந்த வாசகம் நமக்கு எழுத்துல கிடைக்கிற ரொம்பப் பழைய இடங்கள்ல முக்கியமானது ஒரு கடிதம். சுமார் 798-ல ஆல்குயின்னு ஒரு இங்கிலாந்துப் பண்டிதர் சார்லமேன் ராஜாவுக்கு எழுதினது. சீசர் செத்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல ஆன பிறகு! அதுல அவர் என்ன சொல்றார்னா, மக்கள் குரல் கடவுள் குரல்னு சொல்லிக்கிட்டுத் திரியிற ஆட்கள் பேச்சைக் கேக்காதீங்க ராஜா, கூட்டத்தோட கூச்சல் எப்பவும் பைத்தியத்துக்குப் பக்கத்து வீடு. அர்த்தம் இதுதான். அதாவது வாசகத்தைப் பரப்ப எழுதினதில்லை, அடிக்க எழுதினது. வேற சிலர் "இது ஆல்குயின் பொன்மொழி"ன்னு அவர் படத்தோட போடுறாங்க. எதிர்த்தவனையே சொன்னவனா ஆக்கிட்டோம். பாவம் மனுஷன். "சொல்லிக்கிட்டுத் திரியிற ஆட்கள்"னு அவரே சொல்றதால அவருக்கு முன்னாடியே அது ஜனங்க வாயில இருந்திருக்கு. அப்போ ஒரு பேரும் இல்லாம விடுறதுதானே நியாயம்?

அப்புறம் காத்து திசை மாறுது. 1327-ல இங்கிலாந்து ராஜா இரண்டாம் எட்வர்டைப் பதவியில இருந்து இறக்கும்போது, கேன்டர்பரி பேராயர் வால்டர் ரெனால்ட்ஸ் இதே வாசகத்தை வச்சுத்தான் பிரசங்கம் பண்ணார். ராஜாவுக்கு அறிவுரை சொல்லக் கிளம்பின கடிதத்துல வந்த வாசகம், ராஜாவைக் கவிழ்க்க ஆயுதமாச்சு. 2022 நவம்பர்ல எலான் மஸ்க் ட்விட்டர்ல ஒரு வாக்கெடுப்பு நடத்தி, டிரம்ப் கணக்கைத் திருப்பிக் கொடுத்தப்பவும் இதே லத்தீன்தான். பொத்தான் அமுக்கினவங்க எல்லாம் பாப்புலி. சரி, விடுங்க.

தமிழுக்கு வருவோம், இங்கதான் சுவாரசியம். லத்தீன்ல இருக்கிறது குரல். நம்மகிட்ட அது தீர்ப்பு. குரலுக்கும் தீர்ப்புக்கும் உள்ள தூரம் என்ன? குரல்னா கேக்கலாம், பதில் சொல்லலாம், மறுக்கலாம். தீர்ப்புன்னா கதை முடிஞ்சது, எழுந்து போ. அடுத்தது, லத்தீன்ல "மக்கள் குரல், கடவுள் குரல்"னு பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கு, அவ்வளவுதான். நாம ஒரு ஏகாரத்தைப் போட்டு ஆணி அடிச்சிட்டோம். தீர்ப்பே! மூணாவது, டெய்ங்கிறது வெறும் கடவுள். அவரை மகேசன் ஆக்கினது எதுக்கு? மக்களுக்கு மோனை வேணும், அதுக்குத்தான். இதை அண்ணா பேர்ல போடுறவங்கதான் அதிகம். கடவுளைக் கேள்வி கேட்ட பாரம்பரியத்துல வந்தவர் பேர்ல சிவபெருமான் தீர்ப்பு வாசிக்கிறார்னா, மோனையோட மகிமை என்னன்னு பாத்துக்கிடுங்க.

ஒண்ணு ஒத்துக்கிடுறேன். தமிழ் வரி நல்ல வரி. தேர்தல் தோறும் ஜெயிச்சவனும் சொல்றான், தோத்தவனும் சொல்றான். அது தமிழ்ப் பழமொழியாவே ஆயிடுச்சு. அதைக் கல்லுல வெட்டுங்க, நானே அழகா வரைஞ்சு தர்றேன். ஆனா அது தன் கால்ல நிக்கும். அதுக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரன் பேரு எதுக்கு முட்டுக் கொடுக்கணும்?

வரியோட அர்த்தத்தைச் சோதிக்கணும்னா எங்க ஜில்லாவே போதும். 1967-ல காமராஜர் விருதுநகர்ல சட்டசபைக்கு நின்னு, பெ. சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தார். 1968-ல நேசமணி காலமானதால நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 1969-ல இடைத்தேர்தல் வந்துது. அதே காமராஜர் இங்க நின்னார், ஜெயிச்சார். 1971-ல மறுபடியும் ஜெயிச்சார். இப்போ சொல்லுங்க, மகேசன் எங்க சரியா இருந்தார்? விருதுநகர்லயா, நாகர்கோவில்லயா? ரெண்டுமே மக்கள் குரல்தான். குரல்னு சொன்னா ஒரு சிக்கலும் இல்ல, இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். தீர்ப்புன்னும் மகேசன்னும் சொன்னாத்தான் மாட்டிக்கிடுவோம்.

இன்னொரு லத்தீன் சமாச்சாரம். "ஆர்ஸ் லாங்கா, வீட்டா ப்ரெவிஸ்". நம்மாளுங்க "கலை நீண்டது, வாழ்க்கை குறுகியது"ன்னு போட்டு ஒரு வீணைப் படமும் வைப்பாங்க. மூலம் லத்தீனே கிடையாது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பேர்ல உள்ள நூலோட தொடக்கம். வாழ்க்கைதான் அங்க முதல்ல வருது, லத்தீன்லதான் வரிசை புரண்டது. அங்க சொல்ற "டெக்னே" நாட்டியமும் இல்ல, வீணையும் இல்ல. வைத்தியத் தொழில், கைவேலை. கத்துக்கிட ஒரு ஆயுசு பத்தாது, சந்தர்ப்பம் ஓடிப் போயிரும், அனுபவம் ஏமாத்தும், முடிவெடுக்கிறது கஷ்டம்னு அந்த இடம் மேல போகுது. இதை ஒருநாள் சாயங்காலம் சித்தப்பாகிட்ட சொன்னேன். உளியைத் தீட்டிக்கிட்டே, "இது நம்ம பேச்சுல்லா"ன்னார். ஒரு நரம்பு ஓடின கல்லை நாலு நாள் வேலைக்கப்புறம் ரெண்டாப் பிளந்து பாத்தவருக்கு, அனுபவம் ஏமாத்தும்னு தனியா விளக்கணுமா? "கலை"ன்னு மொழிபெயர்த்தவர் ஒரு தடவை பட்டறைக்கு வந்திருக்கலாம்.

சரி, "நீ மட்டும் என்ன யோக்கியமாடே?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. பல வருஷம் முன்னாடி ஒரு கல்லுல ஜி.யு.போப் கதையை நான்தான் வரைஞ்சேன். தன் கல்லறையில "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்"னு எழுதச் சொன்னாராம்ல, அதேதான். வரையும்போது கண்ணு கலங்கினவன் நான். போப் 1908-ல இறந்தார், ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துல அடக்கம். அந்தக் கல்லோட படம் இணையத்துல கிடைக்குது, நானும் பாத்தேன். அந்த வாசகம் அதுல இல்ல. பல்கலைக்கழகத்துல தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தவர்னு இருக்கு. அவரோட குடும்பத்தாரும் தென்னிந்தியாவுல உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து வச்ச கல்லுன்னு இருக்கு. கவனிங்க, தமிழ் நண்பர்கள்! 1886-ல குறளையும் 1900-ல திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல கொண்டு வந்தவருக்கு, கடல் தாண்டி நம்ம ஆளுங்க கல்லு வச்சிருக்காங்க. எது பெரிசு? இந்த உண்மையா, நாம கட்டின கதையா? கதையைச் சொல்லிச் சொல்லி உண்மையில இருந்த மரியாதையை மூடிட்டோம். அதுல என் பங்கும் உண்டு. பதிவுல தப்பு வந்தா திருத்தலாம். கருங்கல்லுல வெட்டின எழுத்தை எப்படித் திருத்த? மொத்த முகத்தையும் கொத்தி எடுக்கணும், இல்லாட்டி கல்லையே மாத்தணும். அந்தக் கல்லு இன்னும் அங்கதான் நிக்குது. பிள்ளைங்க வாசிச்சிட்டுப் போகுதுங்க.

(ஒரு சின்ன விஷயம். கல்லறைக் கல்லுல ஆர்.ஐ.பி. வெட்டச் சொல்றவங்க அதை இங்கிலீஷ்னு நினைக்கிறாங்க. அது "ரெக்வியெஸ்காட் இன் பாச்சே", அவர் அமைதியா இளைப்பாறட்டும்னு ஒரு வேண்டுதல். முதலெழுத்து இங்கிலீஷ்லயும் அதே மூணா அமைஞ்சது அதிர்ஷ்டம். இந்த ஒண்ணுல மட்டும் தப்பே வராது. இஃகி இஃகி.)

சீசர் கல்லு இப்போ மன்றத்து வாசல்ல இருக்கு. பஸ்ல போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்புறதில்ல. ஆனா ஒரு காரியம் பண்ணியிருக்கேன். ஆர்டர் நோட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்கேன்: "இந்த வாசகம் எங்கே படித்தது?" சித்தப்பா முறைச்சார், ஆனா கிழிக்கல. இதுவரை ஏழு பேரு நிரப்பியிருக்காங்க. அஞ்சு பேரு "வாட்சப்". ஒருத்தர் "என் மாமனார்". ஏழாவது ஆளு ஒரு வயசான வாத்தியார். நாள் முழுக்க யோசிச்சிட்டு மறுநாள் வந்து, "தம்பி, அந்தப் பேரை எடுத்திரு, வரி மட்டும் போதும்"னார். பதினொரு எழுத்துக் கூலி நமக்கு நட்டம்.