பவளத் தொட்டிக்கு விளக்கு: வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடல் பவளம் வளர்க்கும் தொட்டிகளுக்கான எல்.இ.டி. விளக்குகள் இன்று வை-பி, மொபைல் அப்ளிகேஷன், மைக்ரோ கண்ட்ரோலர் என்று பாதி கம்ப்யூட்டராகவே வருகின்றன. அவற்றை விற்கும் விதமும் கம்ப்யூட்டர் விற்கும் விதம்தான். அட்டைப் பெட்டியில் பெரிதாக ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் பொருளும் உசத்தி என்று நாமும் நம்பி விடுகிறோம்.

இந்தத் தவறு கம்ப்யூட்டர் உலகில் ஏற்கனவே நடந்ததுதான். 2001-ல் வந்த ஏ.எம்.டி. அத்லான் எக்ஸ்.பி. 1800+ ப்ராசசரின் வேகம் 1.53 கிகா ஹெர்ட்ஸ் மட்டுமே. ஆனாலும் அதைவிட அதிக கிகா ஹெர்ட்ஸ் கொண்ட பென்டியம் 4 ப்ராசசர்களுக்கு அது ஈடு கொடுத்தது. ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவெடுத்தவர்கள் வீணாகப் பணம் கொடுத்தார்கள். பவளத் தொட்டியில் அதே தவறைச் செய்தால் பணத்தோடு உயிர்களும் போகும்.

என் கருத்து இதுதான். பெரிய தொட்டிக்கு விலை உயர்ந்த விளக்கு கட்டாயமில்லை. சாதாரண விளக்குகளைச் சரியான எண்ணிக்கையில் வாங்கி, சரியான உயரத்தில் தொங்கவிட்டு, குறைந்த வெளிச்சத்தில் ஆரம்பித்தால் போதும்.

பவளம் செடி அல்ல, விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியிலிருந்து உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கே கொடுக்கின்றன. வெளிச்சம் போதாவிட்டால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். வெளிச்சம் திடீரென்று அதிகமானால் பாசிகளை வெளியேற்றி விட்டு வெளுத்துப் போகும். விளக்கு வாங்குவது தொட்டியை அழகாகக் காட்ட மட்டுமல்ல. நாம் தினமும் சாப்பாடு போடுகிறோம் என்பதுதான் அதன் பொருள்.

பெட்டியில் உள்ள எண்கள்

இனி எண்களைப் பார்ப்போம். கறுப்புப் பெட்டி வடிவில் வரும் மலிவான சீன விளக்குகளில் "165 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். உள்ளே தலா 3 வாட்ஸ் கொண்ட 55 எல்.இ.டி.கள் இருக்கும். பெருக்கினால் 165 வருகிறது. ஆனால் அந்த எல்.இ.டி.களை முழு அளவில் எரிய விடுவதில்லை. சுவர் பிளக்கில் அளந்தால் 110 வாட்ஸை ஒட்டித்தான் இருக்கும். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். குறைவாக எரிவதால் சூடும் குறையும், ஆயுளும் கூடும். ஆனால் 165 என்ற எண்ணை வைத்து வேறு விளக்கோடு ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது லூமன், லக்ஸ். இவை மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவுகள். நம் கண் பச்சை ஒளியை அதிகமாகவும் நீல ஒளியை மிகக் குறைவாகவும் உணர்கிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு வேண்டியதோ முக்கியமாக நீலம். ஆகவே மொபைல் போனில் லக்ஸ் அப்ளிகேஷன் போட்டு நீல விளக்கை அளந்தால் கிடைக்கும் விடை பயன்படாது.

பார்க்க வேண்டிய அளவு "பார்" எனப்படும் பி.ஏ.ஆர். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி ஓர் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதை இது சொல்லும். மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை தேவைப்படும். இதை அளக்கும் மீட்டர் விலை அதிகம். ஒரு நாள் வேலைக்காக அதை வாங்க வேண்டாம். மீன் வளர்ப்போர் குழுக்களிலோ கடைகளிலோ இரவல் அல்லது வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். எல்.இ.டி.யின் நீல ஒளியைச் சரியாக அளக்கும் மாடல்தானா என்று மட்டும் உறுதி செய்து கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக் கொள்வோம். ஏறக்குறைய 650 லிட்டர் கொள்ளும். இதற்கு மிகச் சக்தி வாய்ந்த ஒரே விளக்கை நடுவில் மாட்டினால், நடுவில் உள்ள பவளம் வெளுக்கும், ஓரத்தில் உள்ளது வாடும். நீளமான ஹாலுக்கு நாம் ஒரே குண்டு பல்பு போடுவதில்லையே. 2 அடிக்கு ஒன்று வீதம் மூன்று சாதாரண விளக்குகள் போடுவதே சரி. நீரிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்க விடுங்கள்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். எல்.இ.டி. வருமுன் இதே தொட்டிக்கு 250 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு விளக்குகள் மூன்று போடுவது வழக்கம். தினமும் 8 மணி நேரம் எரித்தால் 6 யூனிட், மாதம் 180 யூனிட். மூன்று எல்.இ.டி. விளக்குகளும் சேர்ந்து 200 வாட்ஸ் அளவில் எரிந்தால் மாதம் 48 யூனிட்தான்.

விலை உயர்ந்த விளக்குகளில் பயனே இல்லையா? இருக்கிறது. நிறங்கள் நன்றாகக் கலக்கும், மின்விசிறிச் சத்தம் குறைவு, உதிரி பாகம் கிடைக்கும். தொட்டி முழுக்க அக்ரோபோரா வளர்ப்பவர் வாங்கலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு, அதே பணத்தில் நல்ல புரோட்டீன் ஸ்கிம்மரும் தண்ணீர் சோதனைக் கருவிகளும் வாங்குவது நல்லது என்பேன்.

அப்ளிகேஷன் வேண்டுமா?

சூரிய உதயம், மேக மூட்டம், மின்னல் எல்லாம் காட்டும் அப்ளிகேஷன்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் விளக்கை எரிய வைக்க நிறுவனத்தின் சர்வர் தேவை என்றால் யோசியுங்கள். அந்தச் சர்வரை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? மலிவான விளக்குகள் பலவற்றில் நீலத்திற்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் இருக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் இரண்டு போதும். மின்வெட்டு வந்தாலும் நேரம் மாறாது. நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால், ராஸ்பெரி பை போர்டில் இயங்கும் "ரீஃப்-பை" என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் இருக்கிறது.

மாட்டியதும் என்ன செய்ய வேண்டும்? முழு வெளிச்சம் வைக்காதீர்கள். 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்திற்கு 5 சதவீதம் வீதம் கூட்டுங்கள். பவளம் வெளிறினால் குறைத்து விடுங்கள். மலிவான விளக்கு பவளத்தைக் கொன்றுவிட்டது என்று புகார் சொல்பவரிடம் முதல் நாள் எத்தனை சதவீதம் வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அதில்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். மின்விசிறியில் தூசி சேர்வது போல, இந்த விளக்கின் விசிறியில் உப்பு படியும். மாதம் ஒரு முறை பிளக்கை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீருக்கு மேல் மின்சாரம் இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எந்த விளக்கையும் மாட்டாதீர்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பாறை அமைக்கும் கடின பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றம். வெளிநாட்டுப் பவளம் என்று கடைக்காரர் சொன்னால், முறையான ஆவணங்களைக் கேளுங்கள். ஆவணம் இல்லை என்றால் வாங்காதீர்கள். விளக்கில் மிச்சம் பிடித்த பணம் வழக்குக்குப் போக வேண்டாம்.

விளக்குக் கடைக்குப் போகும் முன் தொட்டியின் நீள அகலத்தையும், வளர்க்கப் போகும் பவளத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். கடைக்காரர் வாட்ஸைப் பற்றிப் பேசும்போது நீங்கள் அந்தத் தாளைப் பாருங்கள்.