1,050 ரூபாய் மிச்சம், 8,500 ரூபாய் செலவு: பேக் தைக்கிறவங்க வாரில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க!



'வீட்டிலேயே செஞ்சா காசு மிச்சம்' என்று நம்ம சேனலில் எத்தனையோ வீடியோவில் சொல்லியிருக்கேன். இன்னைக்கு அந்தப் பேச்சுக்கு நானே ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கு. காரணம், நான் என் கையால் தைத்த ஒரு குயில்ட் பேக்.

ஆபீசுக்கு லேப்டாப் கொண்டுபோக, நடுவில் பஞ்சு ஷீட் வைத்துக் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டிய பேக் ஒண்ணு ஆன்லைனில் பார்த்தேன். விலை 1,400 ரூபாய். அம்மாவோட தையல் மெஷின் வீட்டில் சும்மாதான் கிடக்கு. சரி, நாமே தைப்போம்னு இறங்கிட்டேன். வெளித்துணி 140, லைனிங் 80, பஞ்சு ஷீட் 70, ஜிப்பும் நூலும் 60. மொத்தம் 350 ரூபாய். 1,050 ரூபாய் மிச்சம்னு நோட்டில் எழுதியும் வெச்சேன்.

தைக்கும்போது அம்மா ஒண்ணு சொன்னாங்க: "டேய், வாருக்குள்ள கேன்வாஸ் வைடா. வெயிட்டைத் தூக்கப்போறது அதுதானே?" கேன்வாஸும் நாடாவும் சேர்ந்து 50 ரூபாய். அரை மணி நேர வேலை. "பரவாயில்லம்மா"ன்னு விட்டுட்டேன்.

மூணாவது வாரம், கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில் அவசரமா ஏறும்போது ஒரு பக்க வார் பிய்த்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பின் மூலை படியில் மோதி ஸ்கிரீன் போச்சு. கீழே விழுந்து உடைஞ்சா சாதாரண வாரண்டியில் வராது. ஸ்கிரீன் மாற்ற 8,500 ரூபாய். 50 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் வந்த செலவு இது.

இதனால 'பேக் தைக்காதீங்க, கடையிலேயே வாங்குங்க'ன்னு சொல்ல மாட்டேன். தைங்க. ஆனா எங்கே சிக்கனம் பிடிக்கணும், எங்கே பிடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு தைங்க.

நான் செஞ்ச தப்பு மூணு. ஒண்ணு, வாருக்குள் எதுவும் வைக்காமல் வெறும் துணியை மடித்துத் தைத்தேன். ரெண்டு, வாரை வெளித்துணியோடு மட்டும் ஒரே வரித் தையலில் இணைத்தேன். பின்னால் பஞ்சுதான் இருந்தது; பஞ்சு நூலைப் பிடித்துக்கொள்ளாது. மூணு, கெட்டியா இருக்கட்டும்னு தையலை ரொம்பப் பொடியா வெச்சேன். தபால் தலை ஓரத்தில் ஓட்டை போட்டா சுலபமா கிழியும் இல்லையா, அதே மாதிரி ஊசி போன வரியிலேயே துணி கிழிஞ்சிடுச்சு. நூல் அறுந்து போகலை!

இப்போ சரியான முறைக்கு வருவோம்.

வாருக்கான துணியைக் கரைக்கு இணையாக, அதாவது நீளவாக்கில் வெட்டுங்க. குறுக்குவாக்கை விட இப்படி வெட்டினா இழுபடுவது குறைவு. 4 இன்ச் அகலம், 28 இன்ச் நீளத்தில் ரெண்டு துண்டு. 44 இன்ச் பன்னா துணியில் இதுக்குப் போறது ஓரத்தில் 8 இன்ச்தான். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பாதியா மடித்து அயர்ன் பண்ணி, பிரித்து, ரெண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிங்க. உள்ளே கேன்வாஸ் அல்லது ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் காட்டன் நாடா வெச்சு, மறுபடி மடிங்க. நாலு மடிப்புத் துணியோட ஒரு இன்ச் வார் தயார். ரெண்டு ஓரத்திலும் தையல் ஓட்டுங்க. தோளில் அழுத்தக் கூடாதுன்னா 6 இன்ச் அகலத்தில் வெட்டுங்க. ஒன்றரை இன்ச் வார் கிடைக்கும்.

இணைப்புதான் முக்கியம். லைனிங் போடுறதுக்கு முன்னாடியே வாரை இணைச்சிடுங்க. வாரின் முனையை உள்ளே மடித்து, பேக்கின் மேல் குறைந்தது 2 இன்ச் கீழே இறக்கி வைங்க. அதுக்கு நேர் பின்னால், பஞ்சுக்கு அந்தப் பக்கம், பழைய ஜீன்ஸ் துண்டு ஒண்ணு வைங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒரு சதுரம் தைத்து, அதுக்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தையுங்க. பாலியஸ்டர் நூல், 16 அல்லது 18 நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல் நீளம். தடிப்பான இடத்தில் மிதிக்காதீங்க, சக்கரத்தைக் கையால் சுத்துங்க. வாரையே ஜீன்ஸில் தைக்கிறவங்க ரெண்டு மடிப்போடு நிறுத்திக்கோங்க. நாலு மடிப்பு ஜீன்ஸை வீட்டு மெஷின் தாங்குறது கஷ்டம்.

கடைசியா ஒரு சோதனை. பேக்குக்குள் 5 கிலோ அரிசியை வெச்சு, ராத்திரி முழுக்கக் கதவுக் கொக்கியில் மாட்டி விடுங்க. காலையில் தையல் ஓரத்தில் துணி விலகியிருந்தா, பிரிச்சு மறுபடி தைங்க. லேப்டாப், சார்ஜர், ஒரு லிட்டர் தண்ணி, டிபன் பாக்ஸ்னு கணக்குப் போட்டா நாம தினமும் தூக்குறது 4 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துடும்.

சரி, இதில் நம்ம பணக் கணக்கு என்ன?

'உங்க நேரத்துக்கு விலை போட்டா வீட்டில் தைக்கிறது நஷ்டம்'னு சிலர் சொல்வாங்க. மாசம் 30,000 சம்பளம், 26 நாள், 8 மணி நேரம்னு போட்டா மணிக்கு 144 ரூபாய். ஆறு மணி நேரம் தைத்தா சுமார் 865 ரூபாய். இந்த வாதத்தை நான் ஏத்துக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்க சும்மா ரீல்ஸ் பார்த்தா யாரும் அந்த 144 ரூபாயைத் தரப்போறதில்லை. சொந்த உபயோகத்துக்குத் தைக்கும்போது அந்த நேரத்தைச் செலவில் சேர்க்காதீங்க.

ஆனா விக்கணும்னு நினைச்சா கண்டிப்பா சேருங்க. வாருக்கான 50 ரூபாயையும் கூட்டினா பொருள் செலவு 400. பேக்கை 700 ரூபாய்க்கு வித்தா கையில் நிக்கிறது 300. ஆறு மணி நேரத்துக்கு, மணிக்கு 50 ரூபாய்! இதை நம்பி 12,000 ரூபாய் மெஷினை இ.எம்.ஐ.யில் எடுத்தா, அந்தக் காசை மீட்கவே 40 பேக் தைச்சு விக்கணும். அதில் ஒரே ஒரு வார் பிய்ஞ்சு வாங்கினவரோட லேப்டாப் விழுந்தா என்ன ஆகும்? அதனால முதலில் அம்மாகிட்டயோ பக்கத்து வீட்டிலோ மெஷின் கேட்டு, ரெண்டு பேக் தைச்சு, ஆறு மாசம் நீங்களே தூக்கிப் பாருங்க. மெஷினைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொண்ணு. கட்டம் கட்டமா ஓட்டின தையலை ஆபீசில் எல்லாரும் பாராட்டினாங்க. வாரை ஒருத்தர்கூடப் பார்க்கலை. நம்ம சம்பளமும் பெரும்பாலும் அப்படித்தான் போகுது. வெளியே தெரியுற போன், பைக், ட்ரிப்புக்குத் தாராளமா செலவு பண்றோம். வெயிட்டைத் தாங்க வேண்டிய அவசர கால நிதி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ்னு வந்தா 'பரவாயில்லை, அடுத்த மாசம்'னு தள்ளுறோம். கதவுக் கொக்கி சோதனையை உங்க பேங்க் பேலன்ஸுக்கும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க: அடுத்த மூணு மாசம் சம்பளம் வரலைன்னா வாடகையும் வீட்டுச் செலவும் தாங்குமா? தாங்காதுன்னா இந்த மாசமே ஒரு தொகையைத் தனியா எடுத்து வைங்க, 500 ரூபாயா இருந்தாலும் பரவாயில்லை.

அந்த பேக்கை நான் தூக்கிப் போடலை. கேன்வாஸ் வெச்சு, ஜீன்ஸ் துண்டு வெச்சு வாரை மட்டும் புதுசா தைச்சேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாங்க. "நான் அப்பவே சொன்னேன்"னு மட்டும் சொல்லலை. இன்னைக்கும் அந்த பேக்தான் என் தோளில்.