கார்டை வெட்டு என்கிறவர்களுக்கு

கிரெடிட் கார்ட் கடனை அடைப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் தமிழில் ஏகப்பட்ட அண்ணன்மார் வந்து நிற்கிறார்கள். கார்டை கத்தரிக்கோலால் வெட்டு. வெளியில சாப்பிடுறத நிறுத்து. கூடின வட்டிக் கடனை முதலில் கட்டு. கடைசியாகச் சொன்னது நல்ல புத்தி. மற்ற இரண்டும் வேறு யாருக்கோ சொன்னவை.

மஸ்கெலியா லயங்களில் பிறந்து கொழும்பில் கடைகளிலும் ஒபிஸ்களிலும் வேலை செய்கிற நம்ம பசங்கள் சிலரிடமும் இப்போது கார்ட் இருக்கிறது. அதில் ஏறியிருக்கிற பாக்கியைப் பாருங்கள். பீட்சா இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தொகைகள் அப்பாவின் ஸ்கேன், தங்கச்சியின் டியூஷன், அம்மா கட்டாமல் நிற்கிற கிழமைக் கடன்.

இந்தக் கிழமைக் கடனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். லயத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கிக் கொடுக்கிற கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலிக்க வருகிறவர் கத்தத் தேவையே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியே கத்துவாள். அதனால் வசூல் நாளுக்கு முந்தின ராத்திரி மகனுக்குப் போன் வரும். மகன் கார்டை ஏடிஎம்மில் போடுவான். சாமான் வாங்கினால் வட்டியில்லாமல் சில நாள் தவணை தருகிற அதே கார்ட், காசாக எடுத்தால் அன்றைக்கே வட்டி போடத் தொடங்கும், மேலே கட்டணமும் எடுக்கும். அம்மாவின் கடன் தீரவில்லை, ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது வட்டியைப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 28 வீதம், நகை அடகுக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 2018 இறுதியில் வைத்த உச்சவரம்போ 35 வீதம். மாதச் சம்பளக்காரரின் பிளாஸ்டிக்குக்கு 28, கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கு 35! அந்த 35க்கும் அடங்காமல் கொடுக்கிறவர்கள் வேறு. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதை எழுதிவைத்தார்.

"24 வீதம்தான் அக்கா" என்று சொல்லித் தருகிற கடனையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு 50,000 ரூபா, 52 கிழமை. முழுத் தொகைக்கும் வட்டி 12,000. கிழமைக்கு 1,192 ரூபா கட்ட வேண்டும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு போகிறதே? குறைகிற முதலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 24, ஏறக்குறைய 44 வீதம். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு கடனுக்குக் கிழமையில் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை போகிறது. கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் அதுவும் போதாது. ஊழியர் சேமலாப நிதி, சந்தா, தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் பிடித்துவிட்டுக் கைக்கு வருகிற சம்பளத்தில் எந்தச் செலவைக் குறைக்கச் சொல்கிறீர்கள், அண்ணன்மாரே? கோதுமை மாவையா?

கடன் நமக்குப் புதுசு இல்லை. கங்காணி ஆள் கூட்டி வந்த காலத்தில் வழிச்செலவே கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, இவ்வளவு கடன் கட்டினால் ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் கட்டுகிற காசு மறுபடி ஆட்களின் தலையிலேயே கடனாக ஏறும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அந்தக் கடனை யாரும் "சிக்கனம் இல்லாததால் வந்தது" என்று இன்று சொல்வதில்லை.

2018இல் அரசாங்கம் ஒரு லட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களை எடுத்தது. நுவரெலியா அதில் இல்லை. சரிதான், மஸ்கெலியாவில் மழைக்குக் குறைச்சலில்லை. காய்ந்தது சம்பளம், அதை யாரும் அளக்கவில்லை.

2021 மார்ச் 8 அன்று ஹிங்குராக்கொடையில் கிராமத்துப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். நம்முடைய மே தின மேடைகளில் சம்பளம் பேசப்படுகிறது, பேச வேண்டியதுதான். ஏறின சம்பளத்தை எந்த வட்டி கொண்டுபோகிறது என்பதை அங்கே நாங்கள் கேட்டது அபூர்வம். கடன் கொடுக்கிற எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு, அதுவும் கார்டை விடக் குறைவாக. அதற்கு மேல் வாங்கின வட்டியை முதலில் கழிக்க வேண்டும். சந்தா வாங்குகிற சங்கங்கள் இதைக் கேட்கட்டும்.

கார்ட் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று. அடுத்த தடவை ஏடிஎம்முக்குப் போகும் முன் அம்மாவின் கடன் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குடும்பத்தில் கூடின வட்டிக் கடன் அநேகமாக அதற்குள்தான் இருக்கும். குறைகிற முதலுக்கு வட்டி எத்தனை வீதம் என்று வசூலிக்க வருகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். அம்மா தனியாகக் கேட்டால் பதில் வராது. குழுவில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும், நீங்கள் லீவில் வந்து நிற்கிற கிழமையில் என்றால் இன்னும் நல்லது.