இல்லம் திரும்பும் வழி



ஈரோடு கருங்கல்பாளையத்தில் எம் இல்லத்திற்கு மூன்றாம் வீட்டில் வாழ்பவர் எழுபத்தொரு வயது நிரம்பிய அம்மையார் ஒருவர். சிங்கப்பூரில் வாழும் தம் மகளின் இரண்டாம் பேறுகாலத்திற்குத் துணையிருக்கச் சென்றார். மருந்துப்பொடியும், மஞ்சளும், பிள்ளைக்கு உடுத்தப் பழைய பருத்திச் சேலைகளுமாகப் பெட்டியை நிரப்பிக்கொண்டு அவர் புறப்பட்ட காட்சி இன்னும் எம் கண்முன் நிற்கிறது. குழந்தை பிறந்தது. சென்ற மூன்றாம் வாரத்தில் ஒரு விடியற்காலையில், குளியலறையின் ஈரத்தரையில் கால் வழுக்கி வீழ்ந்தார். இடுப்பு மூட்டின்கண் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது.

துணை செய்யச் சென்றவர் துணை வேண்டுபவராகிவிட்டார். அவரை மிகவும் வாட்டியது முறிவின் வேதனையன்று, இந்த எண்ணமே. தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுமாறு அவரே இசைவளித்ததால், இத்திங்கள் அவர் கதையையே உங்கள் முன் வைக்கிறோம். மக்கள் கடல் கடந்து வாழும் இந்நாளில் இது எந்த இல்லத்திலும் நிகழக்கூடியதன்றோ?

தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் அதன் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுபடும். தலைப்பகுதி உயிரற்றுப் போகும். ஆகவே முதியோருக்குப் பெரும்பாலும் முறிந்த பகுதியை நீக்கிவிட்டு உலோகத்தாலான மாற்று மூட்டைப் பொருத்துகின்றனர். இயன்றவரை ஓரிரு நாள்களுக்குள் அறுவை செய்வதே நன்று. படுக்கையிலேயே கிடத்தினால் நுரையீரற் சளியும், படுக்கைப் புண்ணும், குருதி உறைதலும் வந்து சேரும். நம் பாட்டிமார் காலத்தில் இடுப்பு முறிந்தோர் பலர் மீண்டும் எழாமலே மறைந்தமைக்கு இதுவே காரணம்.

இன்று நாம் காணும் முழு மூட்டு மாற்றுக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் சார்ன்லி. ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் முதலில் டெப்லான் என்னும் பொருளாற் கிண்ணம் செய்து பொருத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயிற்று. நோயாளிகள் பலருக்கு மறு அறுவை செய்ய நேர்ந்தது. எனினும் அவர் மனம் தளரவில்லை. 1962 நவம்பரில் பாலித்தீன் வகைக் கிண்ணத்தையும் சிறிய எஃகு உருண்டையையும் கையாண்டு வெற்றி கண்டார். நமக்கு அண்மையில் பர்மாவின் மாண்டலேயில் சான் பா என்னும் மருத்துவர் 1960-ஆம் ஆண்டிலேயே, 83 வயதுடைய பௌத்தத் துறவிப் பெண்மணி ஒருவருக்கு யானைத் தந்தத்தாற் செய்த மூட்டைப் பொருத்தி நடக்கச் செய்தார். பின்னர் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அவர் இவ்வாறு செய்தார் என்பது வரலாறு.

அயல்நாட்டில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்புதல் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மூட்டு முழுவதையும் நீக்காமல் மேற்பரப்புக்கு மட்டும் உலோக உறையிடும் முறையை, டெரக் மெக்மின் என்பார் பர்மிங்காம் நகரில் 1997 முதல் கையாண்டார். அம்முறைக்கு அமெரிக்காவில் 2006 மே மாதத்தில்தான் இசைவு கிடைத்தது. அதற்கு முன்னரே அமெரிக்கர் பலர் சென்னைக்கு வந்து, மருத்துவர் விஜய் போஸ் அவர்களிடம் இவ்வறுவையைச் செய்துகொண்டு திரும்பினர். நம் கோவையிலும் 1978-இல் தொடங்கப்பெற்ற கங்கா மருத்துவமனை எலும்பு மருத்துவத்திற் புகழ்பெற்று விளங்குகிறது. அறுவை எங்கு நடந்தாலும் நோயாளியின் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுதான்: "எப்போது வீட்டுக்குப் போகலாம்?"

நம் அம்மையாரும் மயக்கம் தெளிந்தவுடன் மகளிடம் கேட்டது அதுவே. "ஊருக்கு எப்பக் கண்ணு போறது?" என்றார். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அவர் கணவர் இறந்து ஓராண்டு நிறைவுறும் நாள், அறுவை நடந்து இருபத்தைந்தாம் நாளில் வந்தது. அன்று ஈரோட்டில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். "நாற்பத்தாறு வருசம் கூட வாழ்ந்தவ நான் இல்லாமல் எப்படி?" என்று அழுதார். மகளோ பச்சிளங் குழந்தையை ஒரு தோளிலும், தாயின் துயரத்தை மறுதோளிலும் சுமந்து தவித்தாள்.

மருத்துவர் இசையவில்லை. இடுப்பு அறுவைக்குப் பின் சில வாரங்கள் வரை, காலின் ஆழ்நாளங்களிற் குருதி உறையும் ஆபத்து மிகுதி. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து செல்லும் பயணத்தால், நல்ல உடல்நிலை உடையோருக்கே இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் அறிவித்தது. விமானத்திற்கு மட்டுமன்று, பேருந்து, தொடர்வண்டி, மகிழுந்து அனைத்திற்கும் இது பொருந்தும். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம்; அதன்பின் ஈரோட்டிற்கு 100 கிலோமீட்டர் சாலைப் பயணம். ஆறு வாரமேனும் பொறுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

மற்றொரு துயரமும் இருந்தது. புறப்படும்போது சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும் பொருட்டு, பயணக் காப்பீடு வேண்டாமென்று மறுத்தவர் அம்மையாரே. மருத்துவமனைச் செலவுக்கு மருமகன் கடன் வாங்கியதை அவர் எவ்வாறோ அறிந்துகொண்டார். மறுநாள் தம் இரு வளையல்களையும் கழற்றித் தலையணையின் மேல் வைத்தார். "மாப்பிள்ளை, இதை வித்துக்குங்க" என்றார். மருமகன் அவற்றை எடுத்து அவர் கையிலேயே மீண்டும் அணிவித்துவிட்டு, "அத்தை, எங்க அம்மா விழுந்திருந்தா வளையலைக் கழட்டச் சொல்லியிருப்பேனா? முதல்ல நடந்து காட்டுங்க" என்றாராம். அன்று மாலைதான் அம்மையார் முதன்முறையாகக் கடிந்துகொள்ளாமல் நடைச்சட்டத்தைப் பற்றி எழுந்தார்.

நினைவு நாள் வந்தது. சிங்கப்பூரின் ஓபிர் சாலையில் புனித லூர்து அன்னை ஆலயம் உள்ளது. 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயம், தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்ததாகும். மகளும் மருமகனும் அவரைச் சக்கர நாற்காலியில் அங்கே அழைத்துச் சென்றனர். அதே நாளில் ஈரோட்டில் மகன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினான். இரு ஊர்களில் இரு பீடங்கள், வேண்டுதல் ஒன்றே. "அவரு எங்க இருந்தாலும் கேட்டிருப்பாரு" என்று அம்மையார் பின்னர் எம்மிடம் கூறினார்.

ஒன்பது வாரம் கழிந்தபின் பயணம் உறுதியாயிற்று. அக்குடும்பத்தார் செய்த ஏற்பாடுகள் பிறர்க்கும் பயன்படும். தங்கும் அனுமதி முடிவதற்கு முன்னரே, மருத்துவரின் கடிதத்தைக் காட்டி நீட்டிப்புப் பெற்றனர். பயணத்திற்குத் தகுதியுடையவர் என்னும் சான்றிதழ், அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வைத்தனர். பெரிய பெட்டியில் அன்று. சக்கர நாற்காலி தேவையென்று 48 மணி நேரத்திற்கு முன்பே விமான நிறுவனத்திற்குத் தெரிவித்தனர். நடைவழி ஓர இருக்கையைக் கேட்டுப் பெற்றனர். சோதனை வாயிலில் மாற்று மூட்டின் உலோகம் ஒலி எழுப்பக்கூடும். காவலரிடம் முன்கூட்டியே கூறிவிட்டால் அச்சமில்லை. கைக்கருவியாற் சோதித்து அனுப்பிவிடுவர்.

விமானத்தில் மணிக்கொருமுறை எழுந்து சில அடிகள் நடந்தார். அமர்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் கெண்டைக்காற் சதைக்கு வேலை கொடுத்தார். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடியாமலிருப்பது நம் பெண்டிரின் வழக்கம். அது தீங்கானது, குருதி தடித்துவிடும். மருத்துவர் எழுதிய குருதி உறையாமைக்கான மருந்தைத் தவறாது உட்கொள்வதும், அவர் கூறினால் இறுக்கக் காலுறை அணிவதும் இன்றியமையாதவை.

கோவையில் மகன் மகிழுந்துடன் காத்திருந்தான். முன்னிருக்கையைப் பின்னே தள்ளித் தடித்த மெத்தையிட்டு உயர்த்தியிருந்தான். அம்மையார் முதலில் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, பின் இரு கால்களையும் ஒருசேர உள்ளே திருப்பிக்கொண்டார். அவிநாசியைக் கடந்து பெருமாநல்லூர் அருகில் ஒருமுறை, பெருந்துறையில் ஒருமுறை வண்டியை நிறுத்தி அவரை நடக்கச் செய்தான். காவிரிக் காற்று முகத்தில் பட்டபோது, அவர் கண்களில் நீர் வழிந்தது.

ஆனால் வாசகர்களே, பயணம் வாசலோடு முடிவதில்லை. அங்கேதான் தொடங்குகிறது எனலாம். நம் இல்லங்கள் தரையில் வாழும் இல்லங்கள். தரையில் அமர்ந்து உண்கிறோம், அரிவாள்மனை முன் அமர்ந்து காய் நறுக்குகிறோம், குந்திக் கோலமிடுகிறோம். மூட்டு மாற்றியவரோ, மருத்துவர் விலக்கும் வரை, இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. காலின் மேல் காலிடலாகாது. பொருத்திய உருண்டை கிண்ணத்திலிருந்து நழுவிவிடக்கூடும். ஆதலால் மகன் தாய் வருமுன்னரே கழிப்பறையில் உயர்ந்த இருக்கையையும், சுவரிற் கைப்பிடிகளையும் அமைத்தான். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினான். கூடத்தில் விரித்திருந்த பவானி ஜமக்காளத்தைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றினான். கால் தடுக்க அதுவே போதுமன்றோ?

நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், எண்ணெய் தடவி இடுப்பை உருவிவிட்டால் ஒரே வாரத்தில் ஓடலாம் என்றார். அன்பினாற் கூறியதுதான், எனினும் அறுவை செய்த இடத்தை உருவுதலும் இழுத்தலும் பெருங்கேடு விளைக்கும். மகன் பணிவுடன் மறுத்தது சரியே.

இறுதியாக ஆலயத்திற்குச் செல்லும் ஞாயிறு வந்தது. அனைவரும் தரையில் முழங்காற்படியிடும்போது தாம் மட்டும் நாற்காலியில் அமர்வதா என்று அம்மையார் நாணினார். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னே அமர விரும்பினார். அவருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினோம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994 ஏப்ரல் 28 அன்று தம் குளியலறையில் வழுக்கி வீழ்ந்து தொடை எலும்பு முறிந்தார். மறுநாள் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் அவருக்கு மாற்று மூட்டுப் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் திட்டமிட்டிருந்த நியூயார்க் பயணத்தைத் தள்ளிவைத்தார். உலகமே எதிர்நோக்கிய அவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று! ஆயினும் 1995 சனவரியில் கைத்தடியுடன் மணிலாவிற்குச் சென்றார். 1999-இல் புதுதில்லிக்கும் வந்தார். 

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு நடுவழியே நடந்து முன்வரிசைக்குச் சென்று அமர்ந்தார். இப்போது விடியலில் அவர் வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து புள்ளிகளின் கணக்கைச் சொல்ல, மகன் வயிற்றுப் பேத்தி கோலமிடுகிறாள். புள்ளி தவறினால் அம்மையாரின் குரல் எம் வீடுவரை கேட்கிறது.

குடும்பத் தலைவர்களே, தலைவியரே! முதியோரைக் கடல் கடந்து அழைக்குமுன் காப்பீட்டிற்குச் சிறு தொகை செலவிடத் தயங்காதீர்கள். அழைத்தாலும் அழையாவிட்டாலும், இன்று மாலையே உங்கள் குளியலறையின் தரையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாயின் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி பொருத்துங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வீழ்ந்தோர் எவரேனும் இருப்பின் அவர்க்குப் பொறுமையை வழங்குங்கள். நம்மைக் கைப்பிடித்து நடை பயிற்றியோர், இன்று நம் கையை நாடுகின்றனர். அக்கையை நீட்டும் நல்லுள்ளத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!