தள்ளுபடி பெரிய எழுத்தில். நிபந்தனை பொடி எழுத்தில்!

இங்கிலாந்தில் ரெயில் கட்டணம் அதிகம். அந்தச் சுமையைக் குறைக்க அங்கே "ரெயில்கார்டு" என்று ஓர் அட்டை இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை பணம் கட்டி இந்த அட்டையை வாங்கிக் கொள்ள வேண்டும். பிறகு, டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 30 பவுண்டு டிக்கெட் 20 பவுண்டுக்குக் கிடைக்கும்.

வாலிபர்களுக்கு ஓர் அட்டை, 60 வயது ஆனவர்களுக்கு ஓர் அட்டை, பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று பல வகை உண்டு. 16 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்களின் அட்டை, 1974-ம் ஆண்டு மாணவர் அட்டையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளும் இதை வாங்கலாம்.

30 பவுண்டாக இருந்த இந்த அட்டையின் விலை, 2025 மார்ச்சில் 35 பவுண்டு ஆயிற்று. அதாவது, 105 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கினால்தான் போட்ட முதல் திரும்பும்.

விற்பவர் பலர்

இந்த அட்டையை ரெயில்வே மட்டும் விற்கவில்லை. டிக்கெட் விற்கும் தனியார் கம்பெனிகளும் விற்கின்றன. சாமான் வாங்கிச் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து அட்டை பெறும் வழியை டெஸ்கோ கடை வைத்தது. மாணவர் கணக்கு தொடங்கியவர்களுக்கு 4 வருட அட்டையை சாண்டாண்டர் வங்கி இலவசமாகவே கொடுத்தது.

இப்படி வெளியில் வாங்கும்போது பெரும்பாலும் அட்டை கைக்கு வராது. ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கொடுத்து அட்டையைப் பெற வேண்டும். எண்ணுக்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் எண் செல்லாது.

இது விற்றவர் போட்ட பூட்டு. இதைத் திறந்து உள்ளே போனால், ரெயில்வே போட்ட பூட்டுகள் காத்திருக்கின்றன!

காலை நேரத்துக் கணக்கு

2025-ம் ஆண்டு விதிகளைப் பாருங்கள்.

16-25 அட்டைக்காரர் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30 மணியிலிருந்து 10 மணிக்குள் சாதாரண டிக்கெட்டில் போனால், 12 பவுண்டுக்குக் குறைந்து கட்ட முடியாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

டிக்கெட்டின் முழு விலையே 6 பவுண்டு என்றால், 6 பவுண்டும் கட்ட வேண்டியதுதான். தள்ளுபடி கிடையாது. 15 பவுண்டு டிக்கெட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போக 10 பவுண்டு ஆக வேண்டும். ஆனால் 12 பவுண்டு கட்ட வேண்டும். 18 பவுண்டு டிக்கெட்டில்தான் முழுத் தள்ளுபடி கிடைக்கிறது.

காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் ஓடுகிறவர்தான் தினமும் ரெயில் ஏறுகிறவர். அவருக்கு அந்த நேரத்தில் அட்டை உதவவில்லை!

இருவர் அட்டையிலும் நிபந்தனை உண்டு. இருவரும் சேர்ந்தே போக வேண்டும். வேலை நாட்களில் காலை 9.30 மணிக்கு முன் செல்லாது. அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனால், தள்ளுபடி டிக்கெட் செல்லாது என்று சொல்லிவிடலாம்.

1 பவுண்டு 90 பென்சுக்கு வழக்கா?

2024-ம் ஆண்டு, வட இங்கிலாந்தில் ஓர் இளைஞர் அட்டையைப் பயன்படுத்தித் தள்ளுபடியில் டிக்கெட் வாங்கினார். காலை ரெயிலில் ஏறினார். 12 பவுண்டு விதியில் அகப்பட்டுக் கொண்டார். அவர் குறைத்துக் கட்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 1 பவுண்டு 90 பென்சு. இதற்காக, கோர்ட்டுக்கு இழுப்போம் என்று ரெயில் கம்பெனி கடிதம் அனுப்பியது.

செய்தி நாடெங்கும் பரவியது. கம்பெனி வழக்கைக் கைவிட்டது. இதைப் பற்றி ஆராயும்படி ரெயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகத்தை அரசாங்கம் கேட்டுக்கொண்டது. 2025 ஜூனில் அறிக்கை வந்தது. சரியான டிக்கெட் வாங்குவதை எளிதாக்க வேண்டும், வழக்குப் போடுவதில் எல்லோருக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்று அது சொன்னது.

யார் பொறுப்பு?

"படித்துப் பார்த்து வாங்குவதுதானே?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். விதியை அறிந்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டியதே.

ஆனால், தெரியாமல் தவறியவரும் ஏமாற்றியவரும் ஒன்றா? பெரும்பாலும், எந்த நாள், எந்த நேரத்து ரெயில் என்று கேட்டுத்தான் டிக்கெட்டை விற்கிறார்கள். "இந்த ரெயிலுக்கு உங்கள் அட்டை செல்லாது" என்று அங்கேயே ஒரு வரி சொன்னால் போதும். பணத்தை வாங்கும்போது வாய் திறக்காமல், ரெயிலில் ஏறிய பிறகு பிடிப்பது நியாயம் ஆகாது.

அட்டையை விற்றுக் காசு வாங்கியவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. "விதி ரெயில்வேயுடையது" என்று கைகழுவக் கூடாது. தள்ளுபடியை எந்த எழுத்தில் போடுகிறாரோ, அதே எழுத்தில் நிபந்தனையையும் போட வேண்டும்.

நான்கு கேள்விகள்

அதுவரை, அட்டை வாங்குகிறவர்கள் நான்கு கேள்வி கேட்டுக் கொள்வது நல்லது.

எண்ணுக்குக் கெடு எப்போது?

எந்த நேரத்தில் அட்டை செல்லாது?

குறைந்த கட்டணம் எவ்வளவு?

வருடத்தில் 105 பவுண்டுக்கு மேல் ரெயிலில் போவோமா?

நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம். பதில் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த அட்டையை வாங்க வேண்டாம்.