வயிற்றினுள்ளே வெந்நீர் மருந்து

“சுடுமருந்தை வயிற்றினுள் ஊற்றினால் புற்றுநோய் மாளுமாமே, மெய்தானா ஐயா?” என்று சென்ற வாரம் மாணவனொருவன் எம்மை வினவினான். அவன் முகத்தைக் கண்டதும், அவ்வினா பாடப் புத்தகத்திற் பிறந்ததன்று என்பதை உணர்ந்தோம். நோயுற்றவர் அவனுடைய பெரியப்பா, நோய் ஈரலில்.

ஈரலிலுள்ள கட்டி வெடிக்குமாயின், நோயணுக்கள் சிதறி, வயிற்றறையைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வில் வித்துக்களைப்போல் ஊன்றிவிடுதல் உண்டு. பெருங்குடல், சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களும் இச்சவ்விற் பரவும். நாளத்தில் ஏற்றும் மருந்து அங்கே போதியளவு சென்றடைவதில்லை. ஆதலின் சத்திரவைத்தியர் கண்ணிற்படும் கட்டிகளையெல்லாம் முதலில் வெட்டியகற்றுவர். பல மணித்தியாலம் நீளும் வேலை அது. பின்னர், ஏறக்குறைய 41 முதல் 43 பாகை சதமவளவை வரை சூடேற்றிய மருந்துநீரை, அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை வயிற்றினுள் சுழலவிடுவர். நம் உடற்சூடு 37 பாகை என்பதை நினைவிற் கொள்க. மருந்து சில மில்லிமீற்றர் ஆழமே ஊடுருவும். பெருங்கட்டியை விட்டுவைத்து மருந்தை மட்டும் ஊற்றுதல் வீண்.

ஒல்லாந்தில் பெருங்குடல் நோயாளர் 105 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2003 இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரிற் பாதிப்பேர் 12.6 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். புதுமுறை பெற்றோரில் அவ்வெல்லை 22.3 மாதங்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் முதற்குழுவினருக்குக் கட்டிகளை முற்றாக அகற்றும் சத்திரசிகிச்சையே செய்யப்படவில்லை. பயன் தந்தது கத்தியா, வெந்நீரா?

இதனைப் பிரித்தறியப் பிரான்சிய வைத்தியர் முனைந்தனர். 265 பேருக்கும் கட்டிகளை அகற்றி, ஒரு பகுதியினருக்கு மட்டும் சுடுமருந்து ஊற்றினர். 2021 இல் வெளியான முடிவு: மருந்து பெற்றோர்க்கு 41.7 மாதம், பெறாதோர்க்கு 41.2 மாதம். கத்தியே பெரும்பங்கு வகித்ததென நாம் கொள்கிறோம். அன்றியும், அறுபதாம் நாளிற் கணக்கெடுத்தபோது மருந்து பெற்றோரிடமே கடுமையான உபாதைகள் மிகுந்திருந்தன. சூலக நோயிலோ கதை வேறு: 2018 இல் ஒல்லாந்தர் 245 பெண்களிடம் கண்ட முடிவில், சுடுமருந்தினால் 33.9 மாதம் 45.7 ஆக உயர்ந்தது. ஒரு நோய்க்குப் பலித்தது மற்றொன்றுக்கும் பலிக்குமென எண்ணலாகாது. ஈரல் நோய்க்கோ, தெரிந்தெடுத்த சிலரிடம் பெற்ற சிற்றனுபவமே சான்றாயுள்ளது.

காணியை ஈடுவைக்க வீட்டில் பேச்சு நடக்கிறதாம். நோய் சவ்வோடு நின்றுவிட்டதா, கட்டிகள் முற்றாக அகற்றத்தக்கனவா, எஞ்சிய ஈரல் இத்துணைப் பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்று முதலில் வைத்தியரிடம் கேட்கச் சொன்னோம். மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனான்.